கம்பெனி வீடு: ஒரு தொகையை விரித்தல்

என் முனைவர் பட்ட ஆய்வுக்காக நானே வகுத்த வினாநிரலில் ஏழாம் கேள்வி இது: "தாங்கள் வசிப்பது சொந்த வீடா, வாடகை வீடா?" தகவலாளரின் சமூகப் பின்புலத்தை அறிந்துகொள்ளும் பொருட்டு வைத்த எளிய கேள்வி. எதிரே இரண்டு கட்டங்கள். ஒன்றில் குறியிட்டால் போதும். களப்பணியைத் தொடங்குமுன் வினாநிரலைச் சோதித்துப் பார்க்க வேண்டுமல்லவா? அதற்கு நான் தேர்ந்தது, அப்பாவைப் பெற்ற என் ஆயாவை. கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பகுதியின் தொழிலாளர் லைன் ஒன்றில் தனியே வசிப்பவர். வயது எழுபத்தெட்டு.

ஏழாம் கேள்வியைக் கேட்டேன். ஒலிப்பதிவுக் கருவியை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் பார்த்துவிட்டு ஆயா சொன்னார்: "இது கம்பெனி வூடு கண்ணு."

"அதான் ஆயா, சொந்தமா, வாடகையா?"

"ரெண்டும் இல்ல. கம்பெனி வூடு. அப்படியே எழுதிக்கோ."

அப்படியே எழுதுவதற்கு என் படிவத்தில் இடம் இருக்கவில்லை. இரண்டு கட்டங்களுக்கும் வெளியே, ஓரத்தில், பென்சிலால் எழுதி வைத்தேன். அந்த ஓரக்குறிப்பைப் பற்றியே இப்பதிவு. சற்றே நீண்டது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நான் வளர்ந்தது லிங்கராஜபுரத்தில். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் பிழைப்புத் தேடிப் பெங்களூருவுக்கு வந்த குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. அப்போது எனக்கு மூன்று வயது. அன்றுமுதல் இன்றுவரை லிங்கராஜபுரத்திலேயே நான்கு வாடகை வீடுகளில் இருந்திருக்கிறோம். தங்கவயலிலிருந்து வரும் ரயில் எங்கள் பகுதியை ஒட்டிய கிழக்கு ரயில் நிலையத்தைக் கடந்து கண்டோன்மென்ட் செல்லும். விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ஏறி, பெங்களூருவில் வேலை பார்த்துவிட்டு, இரவில் ஊர் திரும்பும் ஆயிரக்கணக்கானோர் இன்றும் அவ்வண்டிகளில் பயணம் செய்கின்றனர். சிறுவயதில் அந்த ரயிலின் ஓசை கேட்கும்போதெல்லாம் அம்மா, "நம்ம ஊர் வண்டி" என்பார். வீட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் அம்மாவின் ஒலிப்பு மாறும். ஊரில் "வூடு" என்பவர் இங்கே "வீடு" என்று திருத்திக்கொள்வார். இதழொலிக்கும் நாமடியொலிக்கும் இடையில் நிற்கும் முன்னுயிர் இதழ்குவிந்து ஒலிப்பது வட தமிழகப் பேச்சின் நன்கறியப்பட்ட இயல்பு; வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து சுரங்கத்துக்கு வந்தோர் தம்முடன் கொண்டுவந்தது. அம்மா அதைப் பெங்களூருவில் மறைத்தார். ஆயா மறைக்கவில்லை.

ஆயாவின் வீட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். தோளோடு தோள் ஒட்டிய வரிசையில் நடுவீடு. ஓர் அறை, அதன்பின் அடுப்படி, முன்னால் தாழ்வாரம். இருபக்கச் சுவர்களும் அண்டை வீடுகளுக்கும் பொது. பக்கத்து வீட்டு உரலோசையைக் கேட்டு அங்கே இன்று என்ன சமையல் என்று சொல்லிவிடலாம். தாழ்வாரத்தைத் தாத்தா தட்டி கட்டி அடைத்தார். பின்னர் செங்கல் வைத்துப் பூசினார். தரைக்குச் சிமெண்டு போட்டது ஆயாவும் அவருடைய நாத்தனாரும். ஆயா பித்தளைப் பாத்திரங்களை இன்றும் பரணில் அடுக்குவதில்லை, தரையில்தான் வைப்பார். பூமிக்கடியில் பாறை வெடித்து நெகிழும்போது மேலே வீடுகள் குலுங்கும். பரண்மேல் இருப்பவை உருண்டு விழும். சுரங்கம் மூடி இத்தனை ஆண்டுகள் ஆகியும் அப்பாத்திரங்கள் பரண் ஏறவில்லை.

இத்தகைய வீடுகள் எப்படித் தோன்றின? 1880 முதல் தங்கவயலின் சுரங்கங்களை நிர்வகித்தது லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்னும் சுரங்கங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஆட்களைக் கூட்டிச் சேர்த்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் வட்டாரங்களிலிருந்து வந்தோரே மிகுதி. அவருள்ளும் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர் பெரும்பான்மையினர். நிலவுடைமையாளரின் பிடியிலிருந்து விலகி, மாதச் சம்பளம் என்ற ஒன்றைக் கையில் வாங்கிய முதல் தலைமுறை அது. பண்டிதர் அயோத்திதாசரின் தமிழ்ப் பௌத்த இயக்கம் தங்கவயலில் வேரூன்றியதும், அவருடைய எழுத்துகளை இவ்வூர்ச் சித்தார்த்தா புத்தகசாலை நூல்களாக வெளியிட்டதும் தற்செயலன்று. வாசிக்கவும் கூடவும் விவாதிக்கவும் ஓரிடம் அவர்களுக்கு இங்கே கிடைத்தது.

தங்கும் இடம் மட்டும் நெடுங்காலம் மூங்கில் தட்டியாலும் மண்ணாலும் ஆனதாகவே இருந்தது. 1902இல் சிவசமுத்திர அருவியிலிருந்து நெடுந்தொலைவு கம்பியிழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தனர். பெங்களூருவின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1905இல்தான். இந்தப் பெருமையை எங்கள் ஊரார் சொல்லாத நாளில்லை. ஆயினும் அம்மின்சாரம் முதலில் சென்றது சுரங்கத்துக்கும் ஆலைக்கும், தட்டி வீடுகளுக்கன்று.

நிறுவனம் தொழிலாளர்க்கு வீடு கட்டித் தருவது தங்கவயலுக்கே உரிய வழக்கமும் அன்று. அமெரிக்காவில் ரயில்பெட்டி செய்த புல்மன் நிறுவனம் சிகாகோவுக்கு அருகே ஓர் ஊரையே கட்டியது. 1893இன் பொருளாதார வீழ்ச்சியில் கூலியைக் குறைத்த நிறுவனம் வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. 1894இன் பெரும் வேலைநிறுத்தத்துக்கு அது முக்கிய காரணங்களுள் ஒன்று. வேலை தருபவரே வீட்டுக்காரராகவும் இருந்தால் தொழிலாளி இரண்டு இடங்களில் ஒரே ஆளிடம் பேரம் பேச வேண்டியவராகிறார். வேலை போனால் கூரையும் போகும். 1898இல் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம், ஒரு நிறுவனம் தன் தொழிலுக்கு வேண்டாத ஓர் ஊரை உடைமையாக வைத்திருக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. தங்கவயலில் அப்படியொரு தீர்ப்பு வரவில்லை. இங்கே எதிர்ப்பு வேறு வடிவில் வந்தது. 1930இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவுசெய்ய முற்பட்டபோது அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தம்மைப் பற்றிய ஏடு பிறர் கையில் இருப்பதன் பொருளை அவர்கள் அறிந்திருந்தனர்.

இனி, சொற்களுக்கு வருகிறேன். இவ்வரிசை வீடுகளைத் தங்கவயலில் "லைன்" என்கிறோம். இதே ஆங்கிலச் சொல் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் மலேசிய ரப்பர்த் தோட்டங்களிலும் "லயன்" என்றும் "லயம்" என்றும் ஆயிற்று. மகர ஈறு பெற்றதும் அது மரம், குளம் போன்ற பெயர்களோடு சேர்ந்துவிட்டது. "மரத்து" என்பதைப்போல "லயத்து" என அத்துச் சாரியை ஏற்றது. சாரியை ஏற்ற சொல்லை அயற்சொல் என்று யார் சொல்ல முடியும்? அங்கே சொல்லுக்குக் கிடைத்த குடியுரிமை, அதைச் சொன்னவர்களுக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. தங்கவயலில் நிலைமை வேறு. ஊரைவிட்டுப் போ என்று எவரும் எங்களைச் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் வாழும் வீடு எவருடையது என்ற கேள்வி மட்டும் எங்களுடனேயே வந்தது.

ஆயாவின் சொல்லுக்குத் திரும்புவோம். "கம்பெனி வூடு" என்பது இரண்டு பெயர்ச்சொற்கள் நேராகப் புணர்ந்து நிற்கும் தொகை. நடுவில் உருபு இல்லை. உருபு மறைந்து நின்றால் அதை விரித்துப் பொருள் காண வேண்டும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். பொற்குடம் என்றால் பொன்னாலாகிய குடம், மூன்றாம் வேற்றுமை. கூலி வேலை என்றால் கூலிக்குச் செய்யும் வேலை, நான்காம் வேற்றுமை. அப்படியானால் கம்பெனி வீட்டில் மறைந்திருக்கும் வேற்றுமை எது?

என் வினாநிரலுக்குத் தெரிந்தது ஆறாம் வேற்றுமை ஒன்றே. கம்பெனியது வீடு, ஆகவே ஆயாவுடையதன்று. ஏடுகளின் கணக்கும் அதுவே. ஆனால் எந்தக் கம்பெனியது? ஆயா திருமணமாகி இவ்வீட்டுக்கு வந்தது 1966இல். சுரங்கங்களை மைசூர் மாநில அரசு தன்வசமாக்கியது 1956இல். மத்திய அரசுக்கு அவை மாறியது 1962இல். ஜான் டெய்லர் நிறுவனம் போய்ப் பத்தாண்டுகள் கழித்தே ஆயா இங்கு வந்தார். 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. உடைமையாளர் இத்தனை முறை மாறியும், இறுதியில் வேலையே இல்லாமற்போயும், ஆயாவின் வாயில் வீடு கம்பெனி வீடாகவே நின்றது. ஆறாம் வேற்றுமையாக விரித்தால் இத்தொகை 2001இலேயே பொருளிழந்திருக்க வேண்டும். இழக்கவில்லை.

மூன்றாம் வேற்றுமையாக விரித்துப் பார்த்தேன்: கம்பெனியால் கட்டப்பட்ட வீடு. வரலாற்றாசிரியருக்கு உகந்த விரிவு. ஆனால் எவ்வளவு கட்டப்பட்டது? சுவரும் கூரையும் கம்பெனியால், தாழ்வாரம் தாத்தாவால், தரை ஆயாவால்.

நான்காம் வேற்றுமையில், கம்பெனிக்கான வீடு. சங்கு ஊதினால் ஷிஃப்டுக்கு ஆள் வரவேண்டும். அதற்காக ஆளைச் சுரங்க வாயிலுக்கு அருகிலேயே குடிவைக்க வேண்டும். இதை ஆயா தம் போக்கில் சொல்லியிருக்கிறார்: "ஆளுக்காவ கட்டல கண்ணு, வேலைக்காவ கட்டனாங்க."

ஏழாம் வேற்றுமையில், கம்பெனியின்கண் இருந்த வீடு. "கம்பெனி" என்பது எங்கள் ஊரில் நிறுவனத்தை மட்டும் குறித்த சொல்லன்று. ஆஸ்பத்திரி, கடை, விளையாட்டுத்திடல், தூரத்தில் சாம்பல்நிறக் குன்றாகக் குவிந்த சயனைடு மண்மேடு என யாவும் அடங்கிய ஒரு வட்டாரத்தையே குறித்தது.

இந்நான்கு விரிவுகளையும் எழுதி முடித்து, இயலின் வரைவில் பெருமிதத்தோடு சேர்த்தேன். கீழே ஒரு முடிவுரையும் எழுதினேன்: "இச்சொல்லாட்சி, முதிய தலைமுறையின் இடப்பற்றைக் காட்டுகிறது." என் நெறியாளர் அவ்வரியை அடிக்கோடிட்டு, ஓரத்தில் இரண்டே சொற்கள் எழுதித் திருப்பித் தந்தார்: "பற்றா? உரிமையா?"

அக்கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது நூலகத்திலன்று. லிங்கராஜபுரத்தில், எங்கள் கூடத்தில்.

சென்ற மழைக்காலத்தில் ஆயாவுக்கு உடல்நலம் குன்றியது. ஓடு பெயர்ந்து வீடு ஒழுகியது. அப்பா சென்று அவரை எங்களிடம் அழைத்து வந்தார். மருந்தும் ஓய்வுமாக இரண்டு வாரம் அமைதியாக இருந்தார். மூன்றாம் வாரம் முதல் நாள்தோறும் ஒரே கேள்வி: "எப்ப கொண்டும்போய் விடுவ?" மாடிப்படி ஏறமுடியவில்லை, பேச ஆளில்லை என்றெல்லாம் நாங்களே காரணங்களைக் கற்பித்துக்கொண்டோம். ஊர்ப்பாசம் என்றாள் தங்கை. நானோ அதற்கு ஆங்கிலத்தில் ஒரு கலைச்சொல்லும் வைத்திருந்தேன்.

ஓரிரவு அப்பா சற்றுக் கடிந்தே பேசிவிட்டார். "அங்க இன்னாம்மா இருக்கு? ஒழுவற கூர. நம்ம பேர்ல ஒரு துண்டுக் காகிதம் இருக்குதா? பூட்டிட்டு இங்கயே இரேன்."

ஆயா நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "காகிதம் இல்லன்னுதானே போறேன் சொல்றேன். காகிதம் இருந்தா பூட்டிட்டு வரலாம். இல்லாத வூட்ட பூட்டுனா, அது யார் வூடு?"

கூடத்தில் எவரும் வாய் திறக்கவில்லை. அப்பா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

பத்திரம் உள்ளவர் வீட்டைப் பூட்டிவிட்டு எங்கும் போகலாம். அவர் இல்லாதபோதும் வீடு அவருடையதென்று காகிதம் சொல்லிக்கொண்டிருக்கும். காகிதம் இல்லாதவருக்கு அங்கே இருப்பதொன்றே சான்று. விடியலில் வாசல் தெளிப்பதும், மாலையில் விளக்கேற்றுவதும், பக்கத்து வீட்டாரிடம் வெற்றிலை கேட்பதும், "இவர் இங்கேதான் இருக்கிறார்" என்று ஊரறியப் பதிவு செய்வது. எழுபத்தெட்டு வயதில், ஒழுகும் கூரையின்கீழ், ஆயா தம் உடலையே ஆவணமாக வைத்துக் காத்துக்கொண்டிருந்தார். அதை நான் "இடப்பற்று" என்று எழுதி, அடிக்குறிப்பும் தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த ஞாயிறன்று நானும் அப்பாவும் ஆயாவை ஊருக்கு அழைத்துச் சென்றோம். பங்காருப்பேட்டை தாண்டிக் கிளைப்பாதையில் வண்டி திரும்பியதும் ஆயா சன்னலருகே நகர்ந்து உட்கார்ந்தார். வீட்டைத் திறந்து, முதல் வேலையாக வாசலில் தண்ணீர் தெளித்தார். பிறகு கட்டிலுக்கடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்தார். தாத்தாவின் எண் பொறித்த பித்தளை வில்லை, நிறம் மங்கிய சம்பளச் சீட்டுகள், பழைய ரேஷன் அட்டை, வீட்டு எண் எழுதிய ஒரு சீட்டு. இவற்றுள் எதுவும் பத்திரமாகாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆயினும் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில்மேல் பரப்பி, என்னிடம் சொன்னார்: "எல்லாத்தயும் போட்டோ புடிச்சிக்கோ. நம்ம வூட்டுது."

நம்ம வூடு. அதே நாவில், கம்பெனி வூடும் நம்ம வூடும். பழைய ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டேன். கருவியை நோக்கிப் பேசிய இடங்களில் கம்பெனி வூடு. என்னை நோக்கிப் பேசிய இடங்களில் நம்ம வூடு. தமிழில் "என் வீடு" என்று நாம் பெரும்பாலும் சொல்வதில்லை. கேட்பவர் புறத்தார் எனில் "எங்கள் வீடு", அவரும் உரியவர் எனில் "நம் வீடு". முன்னிலையையும் உளப்படுத்தும் தன்மைப்பன்மை இது. ஆயா எனக்குச் சொல்லாமலே சொன்ன பங்கு, அந்த ஒரு சொல்லில் இருந்தது. நான் அதை எழுத்துப்பெயர்ப்பில் சரியாகவே பதிந்திருக்கிறேன், பொருளைத்தான் கேட்கவில்லை.

இலக்கண நூலார் ஆறாம் வேற்றுமைப் பொருளாகிய கிழமையை இரண்டாகப் பிரிப்பர். சாத்தனது கை என்பது பிரிக்கவியலாத் தற்கிழமை; சாத்தனது வீடு என்பது பிரிக்கத்தக்க பிறிதின்கிழமை. வீட்டை விற்கலாம், வாங்கலாம், விட்டுப்போகலாம். கையை அப்படிச் செய்ய இயலாது. விற்கும் உரிமை உள்ளவருக்கு இந்தப் பாகுபாடு சரியாகப் பொருந்துகிறது. ஆயாவுக்கு விற்கும் உரிமை என்றும் இருந்ததில்லை. விட்டுப்போகும் உரிமையும் இல்லை. அவர் விலகிய கணமே வீடும் விலகிவிடும். ஆகவே அவ்வீடு அவருக்குக் கையைப் போன்றதாகிவிட்டது. இதைப் பாசம் என்று சொல்லி நான் அழகுபடுத்த விரும்பவில்லை. பிறிதின்கிழமை மறுக்கப்பட்டவர்மீது சுமத்தப்பட்ட தற்கிழமை அது. அதன் விலையை முழங்கால் வலியோடும் ஒழுகும் ஓட்டோடும் ஒரு மூதாட்டி செலுத்திக்கொண்டிருக்கிறார். அவரைப்போல் சுரங்கம் மூடியபின்னும் அதே லைன்களில் தொடர்ந்து வாழ்ந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில்.

இயலின் முடிவுரையை அடித்துவிட்டு வேறு எழுதினேன். வினாநிரலின் ஏழாம் கேள்வியையும் மாற்றினேன். இப்போது அதில் கட்டங்கள் இல்லை. "தாங்கள் வசிக்கும் வீட்டைத் தங்கள் வீட்டில் என்னவென்று சொல்வீர்கள்?" என்று மட்டும் கேட்கிறேன். விடைக்கு மூன்று வரி இடம் விட்டிருக்கிறேன். கணக்கிடக் கடினம்தான், புள்ளியியல் கற்ற நண்பர் ஏற்கெனவே கோபித்துக்கொண்டார்.

மழைக்கு முன் ஓடு மாற்ற வேண்டும். அப்பாவும் சித்தப்பாவும் பணம் சேர்த்துக்கொண்டிருக்கின்றனர். "நம்மது இல்லாத வீட்டுக்கு ஏன் செலவு" என்று இம்முறை எவரும் கேட்கவில்லை.

இதை வாசிப்போரில் ஆலைக் குடியிருப்பிலோ, தோட்டத்து லயத்திலோ, ரயில்வே, துறைமுகக் குவார்ட்டர்ஸிலோ வளர்ந்தவர்கள் இருப்பீர்கள். உங்கள் வீட்டு முதியோர் அந்த வீட்டை எந்தச் சொல்லால் அழைத்தார்கள், யாரிடம் பேசும்போது எப்படி அழைத்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள். இயன்றால் அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். படிவத்தை மட்டும் கையில் எடுத்துச் செல்லாதீர்கள்.